புல்லில் ஓடும் குதிரைக்கு லாடம் எதற்கு?

எனக்குக் கோபம் எளிதில் வராது. வந்தாலும் நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வராது; தொண்டைக்குள்ளேயே கிடந்து கரைந்துவிடும். மலேசியாவில் வந்த கோபம் மட்டும் கரைய மறுக்கிறது. ஊர் திரும்பி, களைப்பெல்லாம் போன பிறகும், சோற்றில் கை வைக்கும்போது நினைவுக்கு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, திருப்பூண்டிப் பக்கம், குதிரைகளுக்கு லாடம் அடிப்பது என் தொழில். எங்கள் பக்கத்தில் பொங்கலை ஒட்டியும் திருவிழாக்களை ஒட்டியும் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்ட எனக்கு, குளம்பைத் தவிர வேறு படிப்பு கிடையாது.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் அந்தோணி. வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்தவர், என் பட்டறை முன்னால் காரை நிறுத்தி, நான் ஒரு குதிரைக்கு லாடம் அடித்து முடிக்கும்வரை வெயிலில் நின்று பார்த்தார். "எங்க தோட்டத்துலயும் வண்டிக் குதிர ஓட்டுறோம்ணே" என்றார். பேச்சு எங்கள் பேச்சு போலத்தான் இருந்தது; நடுவில் எங்கேயோ ஒரு சுதி மாறியது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் கூப்பிட்டார். "எங்க குதிர வண்டிச் சங்கத் தலைவர் உங்கள வரச் சொல்றாருண்ணே. டிக்கெட் சங்கமே போடுது. நம்ம குதிரைங்களுக்கு லாடம் அடிக்கணும்."

"இதுவரைக்கும் யார் அடிச்சா?"

"யாரும் அடிச்சதில்லண்ணே."

அப்போதே ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். விமானத்தில் ஏறப்போகிற நினைப்பில் கேட்கவில்லை.

பெட்டியில் துணியைவிட இரும்பு அதிகம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் திறக்கச் சொன்னார்கள். ஒரு பெண் அதிகாரி லாடம் ஒன்றை எடுத்து, தன் முகத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பயந்திருக்கும்போது சிரிப்பது என் வழக்கம்.

வெளியே அந்தோணி லோரியோடு நின்றிருந்தார். "காடி வர்க்‌ஷாப்புல கெடக்குண்ணே. மன்னிச்சிக்குங்க. இதுல உயரமா ஊரு பாக்கலாம்லா." காரை அங்கே காடி என்கிறார்கள். லோரிக்குள் செம்பனைப் பழத்தின் வாடை. அரைத்த தேங்காயும் பழைய எண்ணெயும் சேர்ந்த மாதிரி. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. எங்கள் ஊர்த் தென்னை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து தன் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல நிற்கின்றன. எவ்வளவு தூரம் போனாலும் அதே வரிசை. ஒரு மனிதர் கண்ணில் படவில்லை.

ஜெராம் தாண்டுவதற்குள் பின் டயர் வெடித்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் லோரி சாய்ந்து நின்றது. அந்தோணி ஜாக்கி தேடிய நேரத்தில் எனக்குச் சோறும், மஞ்சள் போட்ட நண்டும், வேகவைத்த சிப்பியும் வந்துவிட்டன. எங்கள் கடலும் இதே கடல்தான், நடுவில் தண்ணீர்தான் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நண்டுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் ஊற்றினால் அம்மா கரண்டியை எடுப்பார். ஆனாலும் இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

கடைக்காரரான மலாய்க்காரர், நான் குதிரைக்காரன் என்று கேட்டதும் டயரைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தோணி தமிழில் சொன்னார்: "குதிரையா இருந்தா வெடிக்காது, புல்லு போட்டா ஓடும், நீங்க ஏன்டா லோரிக்கு மாறுனீங்கன்னு கேக்குறாரு."

மாலையில்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்களாம். எல்லோரும் இப்போது சாலைக்கு அந்தப் பக்கம், வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே ஒரு லயம் மட்டும் தகரக் கூரையோடு நிற்கிறது. அதன் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குதிரைத் தலை.

அந்தோணியின் அக்கா பிலோமினா அங்கே நின்று ஒரு குதிரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டணத்தில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவர். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டானது. "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா? இதான் கோப்பி. எங்கம்மா எங்கள எல்லாம் பெத்த ரூமுலதான் இது இருக்கு. எங்களவிட வசதியா இருக்கு, வாடகையும் கொடுக்கிறதில்ல."

கோப்பி நல்ல காப்பித்தூள் நிறத்தில் ஒரு பெண்குதிரை. பிலோமினா குட்டியாக வாங்கி வளர்த்தது. பந்தயத்தில் அவரே வண்டி ஓட்டுகிறார். எங்கள் பக்கம் பெண்கள் பந்தய வண்டியில் ஏறி நான் பார்த்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "என்னாண்ணே பாக்குறீங்க, லைசென்ஸ் வேணுமா?" என்றார்.

முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. வெடிப்பு இல்லை, சில்லு பெயரவில்லை. நான் பார்க்கும் குதிரைகளின் குளம்பு ஏழை வீட்டுச் சுவர் மாதிரி இருக்கும், பூசிப் பூசித்தான் நிறுத்த வேண்டும்.

"இது எதுல ஓடுது?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டினார். லயத்துக்குப் பின்னால் திடல். நான் அதுவரை அதைச் சரியாகப் பார்க்கவில்லை. முட்டை வடிவத்தில் பெரிய புல்வெளி. குட்டையான, நெருக்கமான புல்; கால் வைத்தால் அமுங்கி, எடுத்தால் எழும்புகிற மண். நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவைதான் புல்லைச் சமமாக வெட்டுகிறவை. சுற்றிலும் குதிரைகள் ஓடிய தடம் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.

நேரே இறங்கி நடந்தேன். பின்னால் இருந்து ஒரே சத்தம். "செருப்பு! செருப்பு! அண்ணே, செருப்பு!" திருவிழாவில் சாமி வாகனத்தின் மேல் ஏறிவிட்டவன்போல அப்படியே நின்றேன்.

அந்தோணி ஓடிவந்து விளக்கினார். அந்தத் தடத்தில் செருப்போடு யாரும் நடப்பதில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் மாலை எல்லோரும் வருவார்கள். ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோரும் வெறுங்காலோடு தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று முழுத் தடத்தையும் நடப்பார்கள். யார் காலில் என்ன குத்தினாலும் கையைத் தூக்க வேண்டும். வரிசை முழுக்க நிற்கும். கல்லென்றால் எடுப்பார்கள், குழியென்றால் மண் போட்டு மிதிப்பார்கள். பிறகு அடுத்த அடி. இதற்குக் 'கால் பார்ப்பது' என்று பெயர்.

"கால் வைக்காதவன் குதிர வைக்கக்கூடாதுண்ணே. மண்டோர் வீட்டுக் குதிரையா இருந்தாலும் சரி, மானேஜர் வீட்டுக் குதிரையா இருந்தாலும் சரி" என்றார் பிலோமினா. மண்டோர் என்றால் கங்காணி.

எங்கள் பக்கம் பந்தயம் தார்ச்சாலையில். காலையில் பேருந்து போன சாலை. பந்தயம் முடிந்ததும் மறுபடி பேருந்து. குதிரையின் காலுக்கு என்ன குத்தும் என்று யாரும் நடந்து பார்த்ததில்லை. குத்தினால் என்னிடம் கொண்டுவருவார்கள். அது என் பிழைப்பு.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் புல்லில் நின்றபோதுதான் கேட்டேன்: "இந்தப் புல்லுல ஓடுற குதிரைக்கு லாடம் எதுக்கு?"

அந்தோணி தரையைப் பார்த்தார். பிலோமினா தம்பியைப் பார்த்தார். "இன்னும் சொல்லலியா அவருகிட்ட?"

சொன்னார்கள். தோட்டம் வீட்டுமனைக்கு விற்றாகிவிட்டது. இந்தத் திடலும் சேர்த்து. சங்கம் போய் நின்று கேட்டதில், வாங்கிய நிறுவனம் ஆற்றுப்பக்கம் மாற்றுத் திடல் தருவதாக ஒப்புக்கொண்டது. புல் போட்டே தருவார்களாம். அங்கே ஒரு பந்தயம் ஓடிவிட்டால் சங்கம் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதன் பிறகு இந்தத் திடலில் இயந்திரம் இறங்கும். அந்தப் பந்தயம் வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்குத்தான் நான்.

"புல்லு போட்டே குடுக்குறாங்கன்னா லாடம் எதுக்கு?" என்று மறுபடி கேட்டேன்.

"அதத்தாண்ணே நானும் தலைவர்கிட்ட கேக்குறேன்" என்றார் பிலோமினா. "என் கோப்பிக்கு நீங்க ஆணி அடிக்கிறதா இருந்தா, மொதல்ல என் கால்ல அடிங்க."

மறுநாள் தலைவர் வந்தார். பெயர் குணாளன். கட்டடக் காண்டிராக்ட் எடுக்கிறவர். பிலோமினாவும் அவரும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எல்லோரும் "தலைவரே" என்று எழுந்து நிற்கும்போது பிலோமினா மட்டும் "டேய் குணா" என்பார். என்னைப் பட்டணத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போய் ரொட்டியும் பருப்பும் வாங்கிக்கொடுத்தார். மாவை வீசி வீசி விரிக்கிறார்கள், நம்ம ஊர்ப் பரோட்டாவின் பணக்காரத் தம்பி. தேநீரை ஒரு முழ உயரத்தில் இருந்து ஆற்றினார்கள். இனிப்பு பல்லில் ஒட்டியது.

"புது மண்ணுய்யா. இப்போதைக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கும். லாடம் போட்டுட்டா ஒன்னும் ஆகாது. நீங்களே தமிழ்நாட்டுல தார் ரோட்ல ஓட்டுறீங்க. அதான நம்ம பாரம்பரியம்? அத மைக்குல நாலு வார்த்த சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா எங்க ஆளுங்க கேப்பாங்க."

 தார்ச்சாலை எங்கள் பாரம்பரியமா? எங்களுக்கு யாரும் திடல் கொடுக்கவில்லை, அதனால் சாலையில் ஓட்டுகிறோம். வேறு வழியில்லாமல் செய்வதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்து, அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, இருக்கிறவர்களிடம் இருப்பதையும் பிடுங்கப் பயன்படுத்துவதா? இத்தனையும் மனதுக்குள். வெளியே நான் சொன்னது: "இடத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

"புல் விரிக்கிற வேல நடக்குதுய்யா. யாரையும் விட மாட்டேங்குறாங்க. ஞாயித்துக்கெழம காலையில பாத்துக்கலாம். அங்கேயே லாடம் அடிச்சிடலாம்."

பந்தயத்தன்று காலையில் புதிதாக லாடம் அடித்த குதிரையை, கால் பழகுவதற்குள், அன்றைக்கே ஓட்டுவதா? இதையும் கேட்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஐயா, வேணாம்னு சொன்னா இதுவும் கெடைக்காது. அப்புறம் பையனுங்க மெயின் ரோட்ல குதிரய எறக்குவானுங்க. வேற எடத்துல நடக்குது, தெரியுமா? காடி மோதும், போலீசு புடிக்கும், நம்ம பேரு பேப்பர்ல நாறும். ஒன்னுமில்லாததுக்கு இது மேல் இல்லையா?"

இதில் அவர் பொய் சொல்லவில்லை. பயந்த மனிதர் என்று தோன்றியது. பயந்த மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் பயத்துக்கு என் வாயைக் கடன் கேட்கிறார்.

அன்று பகல் முழுதும் லயத்து வாசலில் உட்கார்ந்து குதிரைகளின் குளம்பை மட்டும் சீவிவிட்டேன். சுங்கை சோவில் இருந்துகூடக் குதிரைகள் லோரியில் வந்து இறங்கின. லாடம் எப்போது என்று கேட்டவர்களிடம், இடத்தைப் பார்த்துவிட்டு என்றேன். காத்திருந்தவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "தமிழ்நாட்டுக்காரரு பேசவே மாட்டேங்குறாரு. குதிரைங்ககிட்டதான் பேசுவாரு போல." "நல்லதுதான்டா. நம்மகிட்ட பேசுனவன்லாம் நெலத்த வித்துட்டுதான் போனான்."

சனிக்கிழமை சாயங்காலம் அந்தோணியும் பிலோமினாவும் என்னைக் கம்போங் குவாந்தானுக்கு அழைத்துப் போனார்கள். ஆற்றோரம் மரம் முழுக்க மின்மினி. துடுப்புப் படகில் சத்தமில்லாமல் போனோம். எங்கள் வயலில் மின்மினி ஒன்றிரண்டாகப் பறக்கும். இங்கே ஒரு மரத்தின் பூச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைகின்றன. படகுக்காரர் மலாயில் சொல்லச் சொல்ல அந்தோணி தமிழில் சொன்னார்: "இந்த ஒரு சாதி மரத்துலதான் அதிகமா உக்காருமாம். வெட்டிட்டு வேற மரம் வச்சா வராதாம்."

இருட்டில் பிலோமினாவின் குரல் வந்தது. "பூச்சிக்கு இருக்கிற ரோஷம் எங்க கமிட்டிக்கு இல்ல."

படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. பந்தயத்துக்கு முதல் நாள் மாலை. யாரும் கால் பார்க்கவில்லை. கேட்டேன். "உள்ள விடலியேண்ணே" என்றார் அந்தோணி. "கம்பளம் மாதிரி இருக்கு, கால் பாக்க என்ன இருக்குன்னு தலைவர் சொல்லிட்டாரு." பிலோமினா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பேசாமல் வந்தது அன்று ஒருநாள்தான்.

ஞாயிறு காலை புதுத் திடலுக்குப் போனோம். வாசலில் பெரிய பேனர். அதில் தலைவர், நிறுவனத்து அதிகாரி, ஓரத்தில் நான். என் மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். தோளில் யாருடைய கையோ இருந்தது. கீழே 'தமிழகத்தின் புகழ்பெற்ற குதிரை மருத்துவர்' என்று எழுதியிருந்தது. நான் மருத்துவர் இல்லை என்று சொல்ல ஆள் தேடினேன். எல்லோரும் என்னோடு படம் எடுக்க வந்தார்கள்.

திடல் பச்சைப் பசேல் என்று இருந்தது. பாய் சுருட்டி வருவதுபோலச் சுருட்டி வந்த புல்லை விரித்திருந்தார்கள். தண்ணீர் தெளித்து, ரிப்பன் கட்டி, கூடாரம் போட்டு, ஒலிபெருக்கி வைத்து. தூரத்தில் இருந்து பார்த்தால் பழைய திடலைவிட அழகு. பந்தய வண்டிகள் வரிசையாக நின்றன. மோட்டார் சைக்கிள் சக்கரம் போட்ட, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய இரண்டு சக்கர வண்டிகள். குதிரைகளை இன்னும் பூட்டவில்லை. எல்லோரும் என் சுத்தியலுக்காகக் காத்திருந்தார்கள்.

நிறுவனத்து அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். தலைவர் மொழிபெயர்த்தார்: பாரம்பரியத்தையும் முன்னேற்றத்தையும் தங்கள் நிறுவனம் கைகோத்து அழைத்துப் போகிறதாம். கை தட்டினார்கள். பிறகு மைக் என் கைக்கு வந்தது.

மைக் பிடித்த அனுபவம் எனக்கு இல்லை. வாயருகே வைத்தேன், என் மூச்சு ஊர் முழுக்கக் கேட்டது. கூடாரத்தில் இருந்த அத்தனை கண்ணும் என்மேல். பிலோமினா கோப்பியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்களைப் போல அவர் என் வாயைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

 மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.

மூன்றாவது அடியில் புல் நழுவியது, விரிப்பு நழுவுகிற மாதிரி. அடுத்த அடியில் ஏதோ பாதத்தில் ஏறியது. நான் கையைத் தூக்கினேன்.

 அப்புறம் செருப்புகள் கழலும் சத்தம். கோப்பியின் கயிற்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு பிலோமினா முதலில் வந்து என் தோளோடு நின்றார். அப்புறம் சுங்கை சோ ஆட்கள். அப்புறம் பெண்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்தவர்கள்கூட. வரிசை தடத்தின் அகலத்துக்கு நின்றது. ஓர் அடி வைத்தார்கள். கைகள் எழுந்தன. ஒன்றிரண்டு இல்லை. அறுவடை நேரத்துக் கதிர் மாதிரி வரிசை முழுக்கக் கை.

பிலோமினா குனிந்து புல்லைப் பற்றி இழுத்தார். பாய் மாதிரி உரிந்து வந்தது. அடியில் மண்ணே இல்லை. உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, கம்பித் துண்டு. எங்கேயோ இடித்த வீடுகளின் மிச்சத்தைக் கொட்டி, மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். அவர் காலில் ரத்தம். கையில் ஒரு குளியலறை ஓட்டுத் துண்டு. அதில் நீலப்பூ ஒன்று இன்னும் அழியாமல் இருந்தது.

"டேய் குணா" என்றார். மைக் இல்லாமலே கேட்டது. "இது யாரு வீட்டு கக்கூசுடா? இதுலயா என் குதிரய ஓட விடச் சொன்ன?"

பிறகு அதிகாரியைப் பார்த்து மலாயில் பேசினார். பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார்: "நீங்களும் வாங்க, சப்பாத்தக் கழட்டிட்டு ஒரு ரவுண்டு நடங்க, நடந்துட்டீங்கன்னா நாங்க ஓட்டுறோம்ங்குது."

நியாயமான பேச்சு. இதைவிட மலிவாக யாரும் ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்க முன்வந்திருக்க மாட்டார்கள். அதிகாரி தன் ஷூவைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

தலைவர் ஷூவைக் கழற்றினார். காலுறையோடு இரண்டு அடி உள்ளே வந்து நின்றார். அவர் கை மேலே போனது. அவர் கை தூக்கினாரா, தலையைச் சொறிந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அப்புறம் அவர் ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார்.

எனக்குத் தாங்க முடியாதது இதுதான். கல் போட்டுக் கொடுத்தால் கல் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மண் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். புல்லைப் போர்த்திக் கொடுப்பதும், அது குத்தும் என்று தெரிந்து முன்கூட்டியே இரும்பு அடிக்க ஆள் வரவழைப்பதும் எந்த ஊர் நியாயம்? குதிரையின் கால் உடைந்தால் எழுந்து நிற்காது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் டிக்கெட் போட்டார்கள்.

யாரும் குதிரையைப் பூட்டவில்லை. வண்டிகளைக் கையால் இழுத்துக்கொண்டு, குதிரைகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கால்வாய் ஓரமாகப் பழைய திடலுக்கு நடந்தோம். வழியில் ஒருவர் பேனரையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "லயத்துக் கூர ஒழுகுது, குதிர மருத்துவரு காப்பாத்தட்டும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. பயத்தில் வந்த சிரிப்பு இல்லை.

பழைய திடலில் முறைப்படி மறுபடி கால் பார்த்தோம். இரண்டே கைதான் தூக்கினார்கள்; ஒன்று எறும்பு. பிறகு ஓட்டினார்கள். ரிப்பனும் இல்லை, கோப்பையும் இல்லை. இந்தப் பந்தயத்தில் குதிரை பாயக்கூடாது. காலை மாற்றி மாற்றி வைத்து விரைநடையில்தான் ஓட வேண்டும், பாய்ந்தால் வெளியே. எங்கள் ஊரில் பந்தயம் வருவது அரைமைலுக்கு முன்பே காதில் கேட்கும், இரும்பு தாரில் அடிக்கிற சத்தம். இங்கே குதிரைகள் என்னைக் கடந்து போகும்வரை சத்தமே இல்லை. புல்லில் மெத்து மெத்தென்று ஏதோ அதிர்ந்தது, என் பாதத்தில்தான் அதை உணர்ந்தேன். இத்தனை வருடத் தொழிலில் குதிரை ஓடுவதை அன்றுதான் முதல்முறை பார்த்ததுபோல இருந்தது.

கோப்பி மூன்றாவதாக வந்தது. காலில் துணி சுற்றிக்கொண்டு ஓட்டிய பிலோமினா இறங்கியதும் சொன்னார்: "மொத ரெண்டும் ஆம்பளைங்க ஓட்டுனது, அதான் குதிரைங்க சீக்கிரம் எறக்கிவிடப் பாத்துச்சு."

ஆனால் விற்ற நிலம் விற்றதுதான். அதிகாரி போகும்போது என்ன சொன்னார் என்று தலைவரிடம் கேட்டார்கள். "ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்காட்டியும் அடுத்த மாசம் மிஷின் வரும்னாரு" என்றார். அவர் குரலில் இப்போது பயத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. பந்தயம் ஓடாததால் சங்கம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குப் போட முடியுமா என்று வக்கீலைப் பார்க்கப் போகிறார்களாம். பிலோமினா, தினமும் காலையில் கோப்பியைத் திடலிலேயே கட்டிவைக்கப் போவதாகச் சொன்னார். "மிஷின் வந்தா மொதல்ல இது மேல ஏறட்டும். அதுக்கு முன்னாடி நான் நிப்பேன்."

எனக்கு அவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. வாங்கிக்கொண்டது மட்டும் நிறைய: நண்டு, கருவாட்டுச் சம்பால் ஒரு டப்பா, மகளுக்கு ஒரு துணி.

திரும்பும்போது விமான நிலையத்தில் மறுபடி பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இந்த முறை தமிழர், இளைஞர். லாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றிலும் ஆணித் தடம் இல்லை. கொண்டுவந்தது அப்படியே திரும்பிப் போகிறது.

"விக்க வந்தீங்களா?"

"இல்ல. குதிரைக்கு அடிக்க வந்தேன்."

"குதிர எங்க இருக்கு? ரேஸ் கோர்சா?"

"தோட்டத்துல. புல்லுல ஓடுற குதிரைங்க."

அவர் ஒரு லாடத்தைக் கையில் எடை பார்த்தார். "புல்லுல ஓடுற குதிரைக்கு இது எதுக்குலா?"

எனக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. வழக்கமான நானாக இருந்தால் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடியிருப்பேன். அன்று மூடவில்லை. "தம்பி, அதத்தான் நானும் கேட்டேன்" என்று ஆரம்பித்து, பழைய திடலில் இருந்து நீலப்பூ ஓடுவரை முழுவதையும் சொன்னேன். பின்னால் யாரோ அவசரப்பட்டுச் செருமினார்கள். நான் நிறுத்தவில்லை.